பெயிண்டர் மாமா

செல்வம் மாமாவின் பெட்டியைத் திறந்தால் முதலில் ஒரு வாசனை வரும். தைலமும் பெட்ரோலும் கலந்தது போல, மூக்கில் சில்லென்று ஏறிக் கண்ணைக் கரிக்க வைக்கும் வாசனை. அடிபட்ட இடத்தில் பீய்ச்சிக்கொள்ளும் மருந்து, ஆட்டக்காரர்கள் வைத்திருப்பது என்றார் மாமா. பந்தையே தொடாத ஆளுக்கு எங்கே அடிபட்டது என்று அன்றைக்கே யோசித்தேன். எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. பால்காரர் ஊற்றும்போது படி நிறைந்ததா என்று எட்டிப் பார்க்கிற பிள்ளை.

அவர் அம்மாவின் தம்பி. ஆறு வருடம் மஸ்கட்டில் இரண்டாம் டிவிஷன் அணி ஒன்றுக்குக் கால்பந்து ஆடியதாகச் சொல்லிக்கொண்டு, எனக்குப் பதினொரு வயதானபோது திண்டுக்கல்லுக்குத் திரும்பி, நாகல் நகரில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கினார். மாவட்ட லீக்கின் கடைசி டிவிஷனில் தத்தளித்துக்கொண்டிருந்த எங்கள் தெரு அணி, 'ஃபாரின் பிளேயர்' கிடைத்தாரே என்று அவரையே மேனேஜராகவும் கோச்சாகவும் ஆக்கிக்கொண்டது. "இது ஒண்ணுதான்க்கா எனக்குத் தெரியும். இதுவும் போச்சுன்னா நான் ஒண்ணுமில்ல" என்று அம்மாவிடம் அவர் சொன்னதை நானும் கேட்டேன்.

வந்ததும் பத்து நாள் பயல்களைப் பந்தே இல்லாமல் ஓடவிட்டார். "பந்தில்லாம என்னய்யா பந்து வெளையாட்டு?" என்றார் டீக்கடைக்காரர். மஸ்கட்டில் ஆடிய போட்டோ ஒன்றுகூட அவரிடம் இல்லை. சீசன் தொடங்கும் நாளில், புது வண்டிச் சக்கரத்துக்கு வைப்பது போல, பந்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து மேனேஜர்தான் அது நசுங்கும்படி முதல் உதை உதைக்க வேண்டும். அது எங்கள் அணியின் வழக்கம். மாமா அந்த உதையைக் கோல்கீப்பரிடம் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஊரின் சந்தேகம் அங்கே முளைவிட்டது.

சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. "மாப்ளே, அம்புட்டு கோல் அடிச்சேங்கிற. ஒரு பந்த ஒதச்சுக் காட்டேன், கண்குளிரப் பாப்போம்" என்பார், நாலு பேர் முன்னால்.

"செத்த பொறுங்க மச்சான். ஆடப்போறது நானா, பயலுகளா?" என்று மாமா சிரித்து மழுப்புவார். பயல்கள் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். 'குருட்டாம்போக்கு' என்றது ஊர்.

சனிக்கிழமைதோறும் மறுநாள் ஆடப்போகும் பதினொரு பேரின் பட்டியலை மாமா சொல்லச் சொல்ல நான் எழுதி, டீக்கடைச் சுவரில் சோற்றுப்பசையால் ஒட்டி வருவேன். என் கையெழுத்து அழகு என்பதால் கிடைத்த பதவி. அப்படி ஒரு சனிக்கிழமை மாமா குளிக்கப் போயிருந்த நேரத்தில் பெட்டியைப் பார்த்தேன். மூன்று எண் பூட்டு. மஸ்கட்டில் தன் சட்டை எண் பதினான்கு என்று மாமா சொல்வார். சும்மா பூஜ்யம், ஒன்று, நான்கு என்று திருப்பினேன், திறந்துகொண்டது. அவர் சொன்னது மெய் என்பதற்கு அந்தப் பூட்டே சாட்சி. சந்தேக புத்திக்கு அது எங்கே தெரியப்போகிறது?

துணிகளுக்கு அடியில் மாமாவின் படம் போட்ட ஓர் அட்டை இருந்தது. 'பத்தாக்கா' என்பார்களே, வளைகுடாக்காரர்களின் அடையாள அட்டை. தொழில் என்ற இடத்தில் இருந்த ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்: பெயிண்டர். திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. பட்டியலை ஒட்டியபோது அட்டையையும் அதற்குக் கீழே ஒட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் மைதானமே சிரித்தது. "பெயிண்டரே, கோல் போஸ்ட் கறுத்துக் கெடக்கு, வெள்ளையடிங்க!" என்றான் ஒருவன். "விசாவுல அப்படித்தான்ய்யா போடுவான், கம்பெனி டீமுக்கு ஆடுனேன்" என்று மாமா மன்றாடினார். அங்கே நின்ற பாதிப் பேர் வீட்டில் சமையல்காரர் விசாவில் போய் கிரேன் ஓட்டுகிற மகனோ மருமகனோ இருந்தார்கள். விசாவில் ஒன்றும் வேலை ஒன்றுமாக இருப்பது அவர்களுக்குத் தெரியாததா? ஆனாலும் அன்று மாலையே மாமாவை நீக்கினார்கள்.

வீட்டில் மாமா அப்பாவிடம்தான் பாய்ந்தார். பட்டியலை ஒட்டியது நீதானே என்று அம்மா என் பக்கம் திரும்பியபோது, "புள்ளைய ஏன்க்கா கேக்குற? அதுக்கு என்ன தெரியும்! அது பட்டியல ஒட்டிட்டு வந்தப்புறம் யாரோ ஒட்டிருக்காங்க" என்று மாமாவே தடுத்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என் கைகளையே செத்த நேரம் பார்த்தார். முந்தின நாள் சோற்றுப்பசை இன்னும் நகக்கண்ணில் காய்ந்திருந்தது.

"ஆமா மாப்ளே, நாந்தான் ஒட்டுனேன். இப்ப என்னங்கிற?" என்றார் அப்பா.

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டு பக்கம் போய், லீக்கில்கூட இல்லாத சின்ன அணிகளைப் பழக்கினார். சில வருடம் கழித்து, மஸ்கட்டிலிருந்து வந்த ஒருவர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்து "பதினாலாம் நம்பர்!" என்று கட்டிக்கொண்டாராம். மாமாவின் இடது முழங்கால் மஸ்கட்டிலேயே போய்விட்டது என்பதும், நொண்டிக் கோச்சை யார் வைத்துக்கொள்வார்கள் என்று அதை மறைத்தார் என்பதும் அதன்பிறகே ஊருக்குத் தெரிந்தது. அந்த மருந்து வாசனையில் இரண்டு மாதம் தூங்கி எழுந்தவள் நான்.

என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு வந்து எனக்கு மாலை போட்டார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருடம் அப்பா இறந்தபோதும் வாசலோரமாகவே நின்றார்.

டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பதினொரு பேர் பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறது. போன மாதம் மாமா என் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, "ஒங்கப்பா நல்ல மனுஷன்தான் ஆத்தா. அந்த ஒரு காரியத்த மட்டும் செஞ்சிருக்க வேணாம்" என்றார். நான் காப்பி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும்முன் அவரிடம் படித்துக் காட்டப் போகிறேன். திட்டட்டும், எழுந்து போகட்டும். "அதுக்கு என்ன தெரியும், சின்னப் புள்ள" என்று இன்னொரு முறை சொல்லிவிடுவாரோ என்பதுதான் என் பயம்.