கரண்ட் சூளையும் என் ஊறுகாய் ஜாடியும்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். செஞ்சியில் அந்த நாளில் டிராயிங் மாஸ்டருக்கு இருந்த மதிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து, "சார், உங்க பீரியடை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பாராம், கேட்கும்போதே சாக்பீஸ் அவர் கையில் இருக்குமாம். இவர் எழுந்து போய் மரத்தடியில் உட்கார்ந்து கோட்டை இருக்கிற ராஜகிரி மலையை வரைவார். அந்த மலை எல்லார் வீட்டு வாசலிலும் இனாமாகத் தெரிகிற ஊரில், படத்தை யார் கேட்பார்கள்? யாராவது எங்கள் வாசலில் நின்று "சார் இருக்காரா?" என்று கூப்பிட்டால், அது பக்கத்து வீட்டு இங்கிலீஷ் சாரைத் தேடி வந்ததாகத்தான் இருக்கும். நான் வாயைத் திறக்காமல் கையை நீட்டி அந்த வீட்டைக் காட்டுவேன். உள்ளே சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தவர் மறுபடி கழற்றி ஆணியில் தொங்கவிடுவார். அதைப் பார்த்து எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

ஒரு கோடை லீவில் அவரைப் பீங்கான் வேலை பழகிவர விருத்தாசலம் பக்கம் அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லித்தர வேண்டுமாம். தகரப் பெட்டியோடு போனவர் சூளையோடு திரும்பி வந்தார். ஏதோ ஒரு பட்டறையில் வேண்டாமென்று ஒதுக்கிய கரண்ட் சூளை. பீரோவில் பாதி உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே சுற்றிலும் வெள்ளைச் செங்கல். செங்கல்லில் வெட்டிய பள்ளங்களில் சுருள் சுருளாகக் கம்பி. மாட்டு வண்டியிலிருந்து அதை இறக்கும்போது தெருவே கூடிவிட்டது.

"இன்னா சார் இது, ஐஸ் பொட்டியா?"

"சூளை."

"சூளையா? வெறகு எங்க வெப்பீங்க?"

"வெறகு வாணாம். கரண்ட்டுலயே வேவும்."

தெருவில் பாதி வீடுகளில் அப்போதுதான் ஒற்றை பல்பு எரிய ஆரம்பித்திருந்தது. கரண்டில் மண் வேகும் என்று ஒருவர் சொல்வதை ஊர் முதல் தடவையாக வாயைப் பிளந்து கேட்டது. அன்று அவர் முகத்தில் வந்த களையை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. மாடில்லாத எங்கள் மாட்டுக் கொட்டகையில் சூளை குடியேறியது. மோட்டாருக்குக் கொடுக்கிற பெரிய கனெக்‌ஷனும் வந்தது.

புதுச் சாமான் வனைய அவருக்குக் கை வரவில்லை. செய்த கிண்ணமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, யாரையோ ஒட்டுக்கேட்பதுபோல நின்றது. அதனால் பழைய பீங்கானுக்கு, சூட்டில் உருகிக் கண்ணாடிபோலப் படிகிற புது மெருகு போடுவது என்று இறங்கினார். அதிலும் ஒரு தொல்லை. ஏற்கெனவே வழவழவென்று இருக்கிற சாமானில் புது மெருகுக் கரைசல் நிற்காமல் வழிந்துவிடும். சாமானை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, கரைசலில் பசை கலந்து பூச வேண்டும். பசைக்கு எங்கே போவது? என் சோற்றுக் கஞ்சிதான். நான் புடைவைக்குப் போட வைத்திருந்த கஞ்சியெல்லாம் ஊரார் டீக் கோப்பைக்குப் போனது. கசங்கிய புடைவையோடு நான் கடைத்தெருவுக்குப் போய்வந்தேன்.

மெருகு உருகும் சூடு வந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே சின்னதாக ஒரு மண் கூம்பு வைப்பார். சூளைக் கதவில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை உண்டு. சூடு சரியாக ஏறினால் கூம்பின் தலை மெல்லச் சாயும். முதல் தடவை விடியற்காலையில் சூளையைப் போட்டவர், பொழுது சாயும்வரை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டையையே பார்த்திருந்தார். கூம்பு நிமிர்ந்தே நின்றது. ஹெட்மாஸ்டருக்கு முன்னால்கூட அவ்வளவு விறைப்பாக இவர் நின்றதில்லை.

காரணம் தெரிய நாளாகவில்லை. ஊரைச் சுற்றி நெல் வயலிலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையிலும் புதிதாக வந்த பம்ப்செட் மோட்டார்கள் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன. மிச்சம் மீதிதான் எங்கள் கொட்டகைக்கு வந்தது. அதையும் சூளை இழுத்தவுடன் தெரு பல்பெல்லாம் பழுத்துப்போனது. ரைஸ் மில் முனகியது. கூரைக் கொட்டகை சினிமாவில் கதாநாயகி கட்டைக் குரலில் பாடினாளாம். வாசலில் சத்தம் கேட்டது.

"வாத்தியாரே! சூளைய அணைங்க! சோறு எது, ஈ எதுன்னு தெரியல!"

திட்டுத்தான். ஆனால் அவருக்கு அது திட்டாகக் கேட்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய், "இதோ, அணைச்சுட்டேன்!" என்று கம்பீரமாகக் குரல் கொடுத்தார். ஊரில் வெளிச்சம் வருவதும் போவதும் தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு ஒரு டிராயிங் மாஸ்டருக்குச் சாமானியமான விஷயமா? வாசலில் வந்து நிற்கிறவர்கள் இப்போது இவரைத்தான் கேட்டார்கள். சட்டை ஆணிக்குத் திரும்பவில்லை. அவருக்காக எனக்கும் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சூளை போடுகிற அன்று மட்டும் மோட்டாரை நிறுத்தும்படி மோட்டார்க்காரர்களைக் கெஞ்சிக் கேட்பது என்று முடிவு செய்தார். முதலில் போனது ஏரிக்கரைப் பக்கம் நிலம் வைத்திருந்த பெரிய விவசாயியிடம். அவர் யோசித்துவிட்டு, "நிறுத்தலாம் வாத்தியாரே. எங்கூட்டு டீக் கப்புங்க மங்கிப்போய்க் கெடக்குது. அப்பிடியே அதையும் போட்டுக் குடுத்துருங்க" என்றார். இவர் சரி என்றார். இந்தச் சேதி மோட்டாருக்கு மோட்டார் பரவியது. இன்னொருவர் சாம்பல் கிண்ணம் கொடுத்தார். பக்கத்து ஊர் அனந்தபுரத்துக்காரர் ஒருவர், மூக்குடைந்த மாதா சிலையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கள் லைனிலேயே இல்லாத மோட்டார்க்காரர்கள்கூட மோட்டாரை நிறுத்துவதாக வாக்குக் கொடுத்துப் பூந்தொட்டியோடு வந்தார்கள். கடைசியாக லைன்மேன் வந்து, மெருகு தேய்ந்த ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டையை நீட்டி, "பாத்துச் செய்ங்க சார், உங்க கரண்ட்டு இது வழியாத்தான் வருது" என்றான். கரண்டுக்காகச் சாமான், சாமானுக்காகக் கரண்டு என்று சூளை நிரம்பிவிடும். ஊருக்கு மெருகேற்றுவது என்பது இதுதான் போலிருக்கிறது.

இதில் என் ஜாடி எங்கே வருகிறது என்று சொல்கிறேன். என் அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்த ஊறுகாய் ஜாடி. மேலே காப்பிக் கலர், கீழே வெள்ளை. வருஷா வருஷம் மாங்காய் ஊறிய ஜாடி. அதில் மெருகு மயிரிழை மயிரிழையாக வெடித்து, உப்புநீர் கசிய ஆரம்பித்தது. ஜாடியைத் தூக்கினால் தரையில் உப்பு வட்டமாகப் பூத்திருக்கும். வேறு ஜாடி வாங்கலாம் என்றேன். "வூட்டுலயே சூளைய வெச்சிகினு ஜாடி வாங்குறதா? ஊர் சிரிக்காதா?" என்றார்.

ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தேன். ஒவ்வொரு சூளைக்கும் ஏதாவது ஒரு மோட்டார்க்காரர் சாமான் குறுக்கே வந்தது. டீக் கப்பு வெந்தது, சாம்பல் கிண்ணம் வெந்தது, மாதாவுக்குப் புது மூக்கும் நீல முக்காடும் வந்தன. என் ஊறுகாய் அலுமினியக் குண்டானில் கிடந்து கறுத்தது. அந்த வருஷம் பிள்ளைகள் ஊறுகாயைத் தொடவில்லை. ஒரு நாள் கரண்டியைத் தரையில் போட்டு, "அந்த மாதாவாவது என் கஷ்டத்தைப் பாத்துட்டுப் போயிருப்பா! அடுத்த சூளைல என் ஜாடி ஏறலைன்னா, உங்க சூளைக்குள்ள நானே போய் உக்காந்துக்குவேன்" என்றேன். சரி, சரி என்றார். நான் உட்காரமாட்டேன் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் எத்தனையோ சாமான் வந்ததே, எந்த வீட்டிலிருந்தும் ஊறுகாய் ஜாடி மட்டும் வரவில்லை. ஊறுகாய் ஜாடியில் அந்நியர் கை பட்டால் அடுத்த வருஷம் பூஞ்சை பூக்கும் என்பதால் எந்தப் பெண்பிள்ளையும் அதை வாசல் தாண்ட விடமாட்டாள். அதனால் ஊறுகாய் ஜாடி சூளைக்குள் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. விருத்தாசலத்திலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் ஜாடியை நடுவில் வைத்து, தான் வரைந்த படங்களில் நல்லதாக ஒன்றைச் சின்னத் தட்டில் தீட்டி அதையும் பக்கத்தில் வைத்தார். ராஜகிரிதான், வேறென்ன. காலையில் சூளையைப் போட்டார். தோசை ஊற்றுகிற நேரத்துக்கெல்லாம் தெருவில் ஊறுகாய் வாசனை. முதலில் சுகமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "வாத்தியாரம்மா, இன்னா இன்னிக்கு, மாங்கா ஊறுகாயா? வாசனை தூக்குது!" என்றாள். அப்புறம் மண்ணுக்குள் ஊறிக்கிடந்த எண்ணெயும் மிளகாயும் புகைய ஆரம்பித்தன. தெருவே தும்மியது. நாய்கள் கோட்டைப் பக்கம் ஓடின. "கம்முனு இரு, அடங்கிடும்" என்று ஓட்டையில் கண்ணை வைத்தபடியே சொன்னார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

புகை அடங்கியது உண்மைதான். மத்தியானத்துக்கு மேல் வேறு மாதிரி வெள்ளை ஆவி வந்தது, நெடியோடு. அது உப்பு. எங்கள் கல்யாணத்திலிருந்து நான் அள்ளி அள்ளிப் போட்ட கல்லுப்பு அத்தனையும் அந்தச் சூட்டில் ஆவியாகிக் கிளம்பியிருக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் கூம்பு லேசாகத் தலையசைத்தது என்று கத்தினார். அதே சமயம் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். ஊர் முழுக்க பல்பெல்லாம் பளீரென்று எரிந்தது. சினிமாக் கொட்டகைப் பக்கம் விசில் பறந்தது. "வாத்தியார் நல்லா இருக்கணும்!" என்று வாசலில் யாரோ வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஆறியபின் திறந்தோம். கம்பியெல்லாம் அரித்துத் துண்டு துண்டாகக் கிடந்தது. உள் செங்கல் முழுக்க உப்பு படிந்து, உருகி, கண்ணாடியாக மின்னியது. சூளைக்கே மெருகேறியிருந்தது. அவர் தட்டில் தீட்டிய மலையும் அழகாக மின்னியது. என் ஜாடி மட்டும் உப்பி, கொப்புளம் கொப்புளமாக, அம்மை வார்த்தவள் மாதிரி நின்றது. குற்றம் யாருடையது என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் கேட்டார்கள். உப்புப் போடாமல் ஊறுகாய் போடச் சொல்கிறார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

கம்பி மெட்ராஸில்கூடச் சுலபத்தில் கிடைக்காது என்றார். சூளை செத்ததை வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் பல்பு மங்கியது. எங்கள் சூளை வருவதற்கு முன்னாலும் அது மங்கியதுதான், அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? வாசலில் அதே குரல்: "வாத்தியாரே! சூளைய அணைங்க!"

அவர் என்னைப் பார்த்தார். நான் அரிசி களைவதில் மும்முரமாக இருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். "இதோ, அணைச்சுட்டேன்!" என்றார். ஏதோ வயலில் தண்ணீர் பாய்ந்து முடிந்து மோட்டார் நின்றிருக்கும். சற்று நேரத்தில் பல்பு தெளிந்தது. "வாத்தியார் சொன்னா கேப்பாருபா" என்று பேசிக்கொண்டே போனார்கள். அதற்குப்பின் அது வாடிக்கையாகிவிட்டது. சாமான் கொண்டுவந்தவர்களிடம், வரிசையில் நிறைய இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். மதிப்பு இன்னும் கூடியது.

மறுவருஷ மாங்காய்க்குப் புது ஜாடி வாங்கினேன். எறும்பு ஏறாத இடமாக வேண்டும் என்று சூளைக்குள்ளேயே வைத்தேன். அவர் பரீட்சை வேலையாகத் திண்டிவனம் போயிருந்த ஒரு சாயங்காலம், பல்பு பழுத்து, வாசலில் குரல் வந்தது. சார் ஊரில் இல்லை என்று சொன்னால் முடிந்துபோகும். நாக்கு நுனிவரை வந்தது.

"சார் பத்த வெச்சிட்டுப் போயிருக்காரு! இருங்க, நானே அணைக்கிறேன்!" என்று குரல் கொடுத்தேன். கொட்டகைக்குப் போனேன். ராத்திரிச் சோற்றுக்கு ரெண்டு துண்டு ஊறுகாய் எடுத்துக்கொண்டு, சூளைக் கதவைத் தெருவுக்கே கேட்கும்படி படாரென்று சாத்தினேன்.