ஓசைக்குச் செய்த பலகை

எங்கள் பக்கத்து மீனவர்களுக்கு ஒரு பழக்கம். பலகை வாங்க வந்தால் தூக்கிப் பார்க்க மாட்டார்கள், வளைத்தும் பார்க்க மாட்டார்கள். நடுவிரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்பார்கள். ‘டங்’ என்றால் நல்ல பலகை. ‘தொம்’ என்றால் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மரத்துக்கு அது சரிதான். நாங்கள் செய்தது மரமில்லையே!

கற்பிட்டியில் என் சாச்சா, வாப்பாவின் தம்பி, நடத்தும் சின்னப் பட்டறையில் எனக்குக் கலவை போடும் வேலை. தென்னந்தும்பை, அதாவது தேங்காய் நாரை, அச்சில் பரப்பி, ரெசின் பசையில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து அதன்மேல் ஊற்றி, அழுத்திக் காயவிட்டால் பலகை. வண்ணாத்திவில்லுப் பக்கமிருந்து தூள் மூட்டை மூட்டையாக வரும். தூள் சேர்த்தால் விலை கூடிய ரெசின் கொஞ்சம் மிச்சமாகும், பலகையும் விறைப்பாக நிற்கும். அளவோடு போட்டால் அருமையான சாமான். அதற்காக நான் யாரோடும் வாதாடுவேன்.

கதிரைக்கும் மேசைக்கும் செய்த வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. பிறகுதான் சாச்சாவுக்கு மீன்பிடிப் போட்டுகளின் மேல் ஆசை வந்தது. போட்டின் பின்பக்கத்தில் எஞ்ஜினை மாட்டுவதற்கு ஒரு தடித்த பலகை வேண்டுமே, அதைச் செய்ய ஆரம்பித்தார். வந்தவர்கள் தட்டிப் பார்த்தார்கள்.

"இதென்ன, ஊறின பாண் மாதிரிச் சத்தம்?" என்று எங்கள் பலகையை நனைந்த ரொட்டியாக்கிச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சாச்சாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கல்தூளைக் கூட்டச் சொன்னார். இன்னும் கூட்டச் சொன்னார். கலவை களி போலத் தடித்து, தும்புக்குள் இறங்காமல் மேலேயே நின்றது.

"சாச்சா, ரெசின் தும்புல ஊறவே இல்ல. இது ஒடஞ்சிரும்."

"சும்மா இரி புள்ள. தட்டிப் பாரு, தேக்கே தோத்துரும்!"

தட்டினேன். உண்மைதான், ‘டங்’ என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் சனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பட்டறையில் என் பேச்சை யார் கேட்டார்கள்!

காய்ச்சலில் நான் படுத்துக்கிடந்த நாளில் நானாவும், என்னுடைய மூத்த சகோதரர்தான், தன் போட்டுக்கென்று பட்டறைக்குப் போய் ஒன்றை வாங்கிவிட்டார். அதை உம்மா மறுநாள் விடிந்த பிறகுதான் பெருமையாகச் சொன்னார். காற்றடிக்கும் காலம். நடுக்கடலில் எஞ்ஜின் குலுங்குகிற குலுக்கில் அந்தப் பலகை வெடித்தால் எஞ்ஜின் தண்ணீருக்குள் போகும், போட்டின் பின்பக்கத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். வாப்பா மௌத்தான பிறகு எனக்கும் உம்மாவுக்கும் என்று இருப்பது நானா ஒருவர்தான்.

எழுந்து கரைக்கு ஓடினேன். நல்லகாலம், நானா பலகையை இன்னும் பூட்டவில்லை. மணலில் வைத்து ஓட்டை போடுவதற்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார்.

"நானா, இதப் போடாதீங்க."

"நம்மட சாச்சாட பலகய நீயே கொற சொல்றியா? நல்ல கூத்து! இஞ்ச கேளு." மடக்கிய விரலால் தட்டிக் காட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு கதைக்கவே பிடிக்கவில்லை. பலகையை இழுத்து இரண்டு கட்டைகளுக்குக் குறுக்கே வைத்தேன். பக்கத்தில் கிடந்த நங்கூரக் கல்லைத் தூக்கி அதன் நடுவில் போட்டேன். பலகை பிஸ்கட் போல இரண்டாய் உடைந்தது.

"பைத்தியமா ஒனக்கு!" நானா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அடிக்கட்டும் என்று அசையாமல் நின்றேன். ஓங்கிய கை இறங்கியது. உடைந்த இடத்தையே பார்த்தார். குனிந்து தும்பைப் பிடித்து இழுத்தார். ஒரு சொட்டு ரெசின் படாமல் காய்ந்தபடி கொத்தாகக் கையோடு வந்தது. விரலெல்லாம் வெள்ளைத் தூள்.

"யா அல்லாஹ்! இதுலயா எஞ்ஜின மாட்டப் போனேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். நானா தப்பிவிட்டார், வேறென்ன வேண்டும் என்று மணலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தேன்.

நானா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். "இதே கலவைல எத்தின பலக போயிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். எங்கள் போட்டைத் தவிர மற்றவையெல்லாம் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முன்னமே கடலில் இறங்கிவிட்டிருந்தன. நானா போனை எடுத்து, பலகை வாங்கியவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பார்த்தார். ஒருவருக்கும் லைன் போகவில்லை.