மனசைப் படிக்கிற மெஷின்

அண்ணனுக்குப் பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்து பேச்சும் போன பிறகு, வேலூர் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் காத்திருப்பதே எங்கள் வேலையாகிப் போனது. காலையில் ஒரு டாக்டர் வருவார், மாலையில் ஒரு டாக்டர் வருவார். இடையில் பெஞ்சுதான். அப்படியொரு மத்தியானத்தில் அண்ணன் மகன் போனில் எதையோ படித்துவிட்டு நிமிர்ந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். அப்பாவுக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

"சித்தப்பா, வெளிநாட்டுல மண்டைக்குள்ள சிப் வெக்கிறாங்களாம். பேச முடியாதவங்க நெனைக்கிறது அப்படியே எழுத்தா ஸ்கிரீன்ல வருதாம்."

"அது கெடக்கட்டும்பா" என்றாள் என் மனைவி. "ஒரு பட்டன அமுக்குனா ஆரணியிலருந்து நேரா இந்தப் பெஞ்சுல வந்து குந்தற மாதிரி எதுனா கண்டுபுடிக்கச் சொல்லு. தெனம் பஸ்ல குலுங்கிகினு வந்து இடுப்பு போச்சு."

அதே பெஞ்சில் கலசப்பாக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அம்மாவைச் சேர்த்திருந்தார். "எனக்கு வலிய எடம் மாத்தற மெஷின் வேணும்ங்க" என்றார். "எங்கம்மா முட்டி வலிய அப்படியே எடுத்து எங்க பங்காளி முட்டியில வெச்சிடுவேன். நெலத் தகராறு ஒரே நாள்ல தீர்ந்துடும்."

சிரித்தோம். என்னையும் கேட்டார்கள். நடந்து முடிந்ததைத் திரும்பப் பார்க்கிற கண்ணாடி ஒன்று இருந்தால் போதும், மாற்றக்கூட வேண்டாம், சரிபார்த்துக்கொள்ளலாம் என்றேன். "சித்தப்பா அதுலயும் ஆடிட் பண்ணுவாரு" என்றான் அண்ணன் மகன், என் கணக்கு உத்தியோகத்தைக் குறித்து. அப்புறம் குரல் தணிந்து, "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அப்பா தலையில ஒரு பட்டை கட்டணும், அவரு மனசுல இருக்கிறது என் போன்ல வரணும். எவ்ளோ ஆனாலும் வாங்கிடுவேன்" என்றான்.

அண்ணி பிளாஸ்குடன் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். "எனக்கு வாணாம்" என்றார்.

"ஏம்மா?"

"உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கட்டும். இத்தினி வருசம் மெஷின் வெச்சிகினா நான் குடித்தனம் பண்ணேன்?"

கலசப்பாக்கத்துக்காரர் இதற்கும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. கையிலிருந்த பிளாஸ்கின் மூடியை இறுக்கினார். ஏற்கெனவே அது இறுகித்தான் இருந்தது.

பிறகு அண்ணனை ஆரணிக்கு அழைத்துவந்தோம். வீட்டில் கட்டில் போடத் தறிக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. பாதி நெய்த புடவை தறியில் அப்படியே இருந்தது. அதன்மேல் அண்ணி பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார். முதலில் கஞ்சி இறங்கியது. குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஊட்டினால் மெதுவாக விழுங்கினார். ஒருநாள் உதட்டை மூடிக்கொண்டார். அடுத்த வேளைக்கும் மூடிக்கொண்டார். மகன் கெஞ்சினான், அதட்டினான், போனில் பழைய படங்களைக் காட்டினான். அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

உள்ளூர் டாக்டர் ஒருநாள் காலை வீட்டுக்கு வந்து பார்த்தார். நிதானமான மனிதர். அண்ணன் காதில் விழாமல் இருக்க எங்களை வாசலுக்கு அழைத்தார்.

"விழுங்கற சக்தி இருக்கு. தண்ணி விட்டுப் பார்த்தேன், இறங்குது. வாயைத்தான் திறக்க மாட்டேங்கறார். இந்த நோய்ல மூளையே அப்படிச் செய்ய வைக்கலாம். இல்ல, அவருக்கே வேணாம்னு இருக்கலாம். எதுன்னு பார்க்க எங்கிட்ட கருவி கிடையாது."

"இப்படியே விட்டா?" என்றான் மகன்.

"விட்டா ரொம்ப நாள் தாங்காது. மூக்கு வழியா டியூப் போட்டா தாங்கும். எவ்வளவு காலம்னு சொல்ல முடியாது. படுத்த படுக்கைதான். ரெண்டு நாள்ல யோசிச்சுச் சொல்லுங்க. அவர் என்ன நினைக்கிறார்னு உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா அதையும் சொல்லுங்க."

அன்று மாலை போளூரில் ஆபீஸ் முடித்து, பஸ் இறங்கி, நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது அந்த வீட்டில் சாதாரணக் குரலில் பேசினால் காதில் விழாது. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அண்ணி கிண்ணத்துடன் வந்து ஸ்பூனை அண்ணனின் உதட்டருகே கொண்டுபோனார். அப்போது எனக்குக் கீழே கட்டில் மரம் அதிர்ந்தது. இரண்டு முறை. காதில் எதுவும் விழவில்லை. உடம்புக்குத்தான் தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். அண்ணனின் இடக்கை, விழாமல் எஞ்சிய கை, கட்டில் சட்டத்தின்மேல் இருந்தது. ஸ்பூன் விலகியது, கை சும்மா இருந்தது. ஸ்பூன் மறுபடி வந்தது. விரல் முட்டி மரத்தை இரண்டு முறை தட்டியது.

அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். கரையைத் தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலை நெய்கிறவர் வலப்பக்கம், ஒரு கரைக்கு நூல் சுற்றிய நாடாக் கட்டையை விடுகிறவர் இடப்பக்கம். சுற்றிலும் விசைத்தறிச் சத்தம் இருக்கிற தெருவில் வாயால் சொல்லி வேலை ஆகாது. எங்கள் வீட்டில் மரத்தைத் தட்டித்தான் சொல்வார்கள். ஒரு தட்டு என்றால் நாடாவை விடு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. அண்ணனுக்கு இடப்பக்கத்தில் முதலில் உட்கார்ந்தவன் நான். அவருக்குக் கல்யாணமானதிலிருந்து அந்த இடத்தில் அண்ணிதான் உட்கார்ந்தார். இன்றுவரை வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

அண்ணியை நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலை ஒட்டியிருந்த அவர் முழங்கால் மரத்தின்மேல் பதிந்திருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அண்ணன் மகனை வாசலுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தறியில் உட்கார்ந்தே அறியாதவன், படிப்பு என்று ஹாஸ்டலுக்கே போய்விட்டவன். அவனுக்குப் புரியும்படி வரிசையாகச் சொன்னேன். ஸ்பூன் வரும்போது மட்டும்தான் தட்டுகிறார், மற்ற நேரம் இல்லை என்பதையும் சொன்னேன்.

"அது ரிஃப்ளெக்ஸ் சித்தப்பா" என்றான்.

"வேணும்னா நீயே வந்து கட்டில்ல உக்காந்து பாரு."

"நான் பாக்கத் தேவையில்ல. பல வருசமா செஞ்ச கை, அதும்பாட்டுக்குச் செய்யும். இத வெச்சிகினு சோத்த நிறுத்தச் சொல்றீங்களா?"

"நான் எதையும் சொல்லல. அவர் சொல்றதச் சொல்றேன்."

"அவர் சொல்றாருன்னு எப்படித் தெரியும்? மெஷினா வெச்சிருக்கீங்க?"

இதைச் சொன்ன பிறகு அவன் முகம் மாறியது. வேலூர் பெஞ்சில் தான் கேட்டது அவனுக்கே நினைவு வந்திருக்கும். ஆனாலும் உள்ளே போய்க் கட்டிலில் உட்காரவில்லை. அந்த வாரம் முழுதும் அவன் நாற்காலி போட்டுத்தான் உட்கார்ந்தான். நாற்காலி சிமென்ட் தரையில் நின்றது. கட்டிலின் அதிர்வு அதற்கு வராது.

அண்ணி வாசற்படிக்கு வந்து நின்றார். விசைத்தறியை மீறக் குரலை உயர்த்தி நாங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"தம்பி தப்பா சொல்லல" என்றார் மகனிடம். "அவரு தட்டறாரு. ரெண்டு நாளா தட்டிகினுதான் கீறாரு. ஆனா அதுக்கு அர்த்தம் தம்பி சொல்றது இல்ல."

"அப்ப இன்னாண்ணி அர்த்தம்?" என்று கேட்டேன்.

"நூலு அறுந்தா நிறுத்துவோம். நிறுத்தி இன்னா பண்ணுவோம்? எழுந்து பூடுவோமா? முடி போட்டு மறுபடி ஓட்டுவோம். கொஞ்சம் இருன்றதுக்குத்தான் ரெண்டு தட்டு. போதும்னு சொல்ல எங்ககிட்ட தட்டே கெடையாது. அப்படி ஒரு நாளும் தட்டனதில்ல."

அது உண்மைதான். வேலை முடிந்தால் இருவரும் சேர்ந்தே எழுந்துகொள்வார்கள். அதற்குத் தனியாக ஒரு குறி தேவைப்பட்டதில்லை. போதும் என்று சொல்ல நினைக்கிற மனிதரிடம் அந்தச் சொல் இல்லாதபோது, கையிலிருக்கிற ஒன்றை எடுத்துத்தானே சொல்வார் என்று கேட்க வந்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்தபின் கேட்கவில்லை. அவர் நான் சொன்னதை மறுக்கவில்லை, என்னிடம் ஒன்றை யாசித்துக்கொண்டிருந்தார்.

"டியூப் போடச் சொல்லுப்பா" என்றார் மகனிடம். "அவரு இருன்றாரு. நான் இருக்கறேன்."

டாக்டர் அனுப்பிய நர்ஸ் வீட்டுக்கு வந்து டியூப் போட்டாள். அன்று இரண்டு தடவை அண்ணன் இடக்கையால் அதைப் பிடித்து இழுத்துவிட்டார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. இது எல்லா நோயாளிகளும் செய்வதுதான் என்று நர்ஸ் சொன்னாள். மூன்றாம் முறை குழாயைச் செருகிய பிறகு, மெத்தென்ற துணியால் அந்தக் கையைக் கட்டிலோடு கட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். ரத்த ஓட்டம் நிற்காதபடி இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக, ஆனால் மூக்குக்கு எட்டாதபடி. அண்ணி மணிக்கட்டில் சுற்றினார். கை மரத்தின்மேல் படாமல், மெத்தையின்மேல் வரும்படி கட்டினார். நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை.

அண்ணன் மகன் சென்னைக்குத் திரும்பிவிட்டான். தினமும் வீடியோவில் கூப்பிடுகிறான். அப்பாவின் கன்னம் கொஞ்சம் தேறியிருப்பதாகச் சொல்கிறான். அது உண்மை, தேறியிருக்கிறது. தலையில் மாட்டுகிற பட்டை ஒன்றைப் பற்றியும் அவ்வப்போது சொல்கிறான். இன்னும் சில வருடங்களில் சாதாரண ஜனங்களே வாங்குகிற விலைக்கு வந்துவிடுமாம். "வரட்டும்பா, வரட்டும்" என்கிறார் அண்ணி. அதைச் சொல்லும்போது, கட்டிய கை படத்தில் விழாதபடி போனின் கேமராவைச் சற்றே திருப்பிக்கொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனபோது கஞ்சி தயாராக இருந்தது. அண்ணி பெரிய சிரிஞ்சில் கஞ்சித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கையைக் கட்டும் துணி துவைத்துக் கொடியில் கிடந்தது, இன்னும் ஈரம் காயவில்லை.

"தம்பி, அவரு கைய செத்த புடிச்சிக்கிறீங்களா? ஜல்தி முடிச்சிடறேன்."

கட்டிலில் உட்கார்ந்து அண்ணனின் இடக்கையை என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. பலமும் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தறியின்மேல் கிடந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி குழாயில் இறங்கத் தொடங்கியது. என் உள்ளங்கையில் விரல் முட்டி தட்டியது. இரண்டு முறை. கொஞ்சம் விட்டு, மறுபடியும் இரண்டு முறை.

"இன்னா பண்றாரு?" என்றார் அண்ணி, சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்லண்ணி."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த சிரிஞ்சை எடுத்தார். நான் பிடியை இறுக்கினேன்.