அப்பாவும் பெரியப்பாவும் ஓடிய இரட்டைச் சைக்கிள்

எனக்குப் பத்து வயதானபோது நாங்கள் சைக்கிள் ஓடுவதற்காக சிட்னியிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போனோம். இதை இப்படியே சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. சிட்னிக்குப் பக்கத்திலுள்ள ஹெலன்ஸ்பர்க் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அம்மா வாய் தவறி ஒரு அன்ரியிடம் சொல்லிவிட்டார். அன்ரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "சைக்கிள் ஓடவோ? அதை இங்கை ஹோம்புஷிலை ஓடலாமே" என்றார். அம்மாவிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் கோயிலில் வைத்துச் சொல்லக்கூடிய பதில் இல்லை.

பதில் பெரியப்பாதான். அப்பாவுக்கு அவர் ஒரே அண்ணன். நோர்வேயில் இருந்தார். அவர்கள் இருவரும் கதைப்பதில்லை என்பது, ஸ்ட்ராத்ஃபீல்டில் எல்லா ரயிலும் நிற்கும் என்பதுபோல எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காரணமும் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அப்பம்மா இறந்தபோது அப்பா இங்கே தற்காலிக விசாவில் இருந்தார். வெளியே போனால் திரும்பி வர முடியாது. பெரியப்பா மட்டும் போனார். செத்தவீட்டு நேரத்தில் அப்பா எங்கள் குசினியில் நின்றபடி அவருக்கு வீடியோவில் போன் எடுத்து, தன் அம்மாவின் முகத்தை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டார். பெரியப்பா போனைத் தூக்கிப் பிடித்தார். ஆனால் அப்பா பார்த்ததெல்லாம் பந்தலில் கட்டியிருந்த வெள்ளைத் துணிதான். "கீழை பிடியுங்கோ அண்ணை, கீழை பிடியுங்கோ" என்று அப்பா கத்தியது அந்தச் சனக்கூட்டத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா அதற்குப் பிறகு அண்ணனுக்குப் போன் எடுக்கவில்லை. பெரியப்பாவும் எடுக்கவில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் இதைக் கணக்கில் எடுக்காமல் வாராவாரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணம் பெரியம்மாவின் ஏற்பாடு. மயோர்க்கா என்று ஸ்பெயினுக்குச் சொந்தமான ஒரு தீவு. அங்கே ஒரு நிறுவனம் வருகிறவர்களின் தரத்துக்கு ஏற்றபடி சைக்கிளும் பாதையும் ஒழுங்கு செய்து தருகிறதாம். மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வழி, பிள்ளைகுட்டியோடு வருகிறவர்களுக்கு ஒரு வழி, முழங்கால் நோகிறவர்களுக்கு பட்டரிச் சைக்கிள். பெட்டிகளை ஒரு வான் வண்டியில் ஏற்றி அடுத்த ஹோட்டலில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெரியம்மா ஐந்து பேருக்கும் பதிந்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னார்.

அப்பா சம்மதித்ததுதான் ஆச்சரியம். குடியுரிமை கிடைத்து வாங்கிய நீலப் பாஸ்போட் ஒரு முத்திரைகூட விழாமல் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "நான் அவரோடை கதைக்க மாட்டன். அதை ஒருத்தரும் எதிர்பாக்கக் கூடாது."

அம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "கதைக்க வேண்டாம். சைக்கிள் ஓடுங்கோ" என்றார்.

அதன் பிறகு ஞாயிறு காலைகளில் ஒலிம்பிக் பூங்காவின் ஆற்றோரப் பாதையில் பயிற்சி நடந்தது. அப்பா சைக்கிள் ஓட்டிகள் போடும் பஞ்சு வைத்த காற்சட்டை ஒன்று வாங்கினார். அதை வெளியில் காட்ட வெட்கப்பட்டு மேலே இன்னொரு காற்சட்டை போட்டுக்கொண்டார். இருபது வருஷமாகச் சைக்கிளைத் தொடாத அம்மா ஏறிய கையோடு ஒற்றைக் கையால் ஓடினார். பள்ளிக்கூடக் காலத்தில் பின்னுக்குச் சிநேகிதியை ஏற்றிக்கொண்டு ஓடியவராம். அப்பாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

டுபாயில் மாறி, பார்சிலோனாவில் மாறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து விமான நிலைய வாசலில் நின்றார்கள். பெரியப்பா நல்ல உயரம். கறுப்புக் கண்ணாடி போட்டு, பெரியம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றார். அப்பா பெட்டியை உருட்டிக்கொண்டு அவருக்கு நேரே வந்தார். பெரியப்பாவின் முகம் அப்பாவின் தோளைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அப்பா ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டு அவரைக் கடந்து போனார். அன்று ஹோட்டல் அறையில் அம்மாவிடம், கண்டும் காணாத மாதிரி நிற்கிறார், அதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டார். எனக்கு ஒரு பொட்டலம் நோர்வே சொக்கலேற் கிடைத்திருந்தது. அதைப் பெரியப்பா எனக்குத் தந்தபோது நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக நீட்டினார். நான் நகர்ந்து போய் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை சைக்கிள் கொட்டகையில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தாள். வெயிலில் காய்ந்த முகமும் மிகப் பெரிய கெண்டைக்கால்களும் உள்ள ஓர் இளம்பெண். பெயர் பெயராகக் கூப்பிட்டுச் சைக்கிள்களைத் தந்தாள். எனக்கு ஒரு சிவப்புச் சைக்கிள். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பட்டரிச் சைக்கிள்கள். கடைசியாக ஒரு நீளமான சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு இருக்கை, இரண்டு சோடிப் பெடல், இரண்டு ஹாண்டில். அப்பாவின் பெயரையும் பெரியப்பாவின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று அப்பா ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னார். தான் தனியாக ஓடுவதாகத்தான் பேச்சு என்றார். வழிகாட்டி கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"பிழையில்லைத் தம்பி" என்றார் பெரியம்மா. "முன்னுக்கு நீர்தான் ஏற வேணும். அவருக்குக் கண் தெரியாது."

கொட்டகையில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா பெரியம்மா நின்ற பக்கம் திரும்பி, "ஆர் உம்மைச் சொல்லச் சொன்னது?" என்று கேட்டார். பெரியம்மா தலைக்கவசத்தை எடுத்து அவருடைய தலையில் வைத்து நாடாவைப் பூட்டினார். பட்டரிச் சைக்கிளில் ஏறிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முதல் போக வேணும் என்றார். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் முழித்துக்கொண்டுதான் நின்றார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இரட்டைச் சைக்கிளில் முன்னுக்கு இருப்பவர்தான் திருப்ப வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். பின்னுக்கு இருப்பவருக்கு மிதிக்கிற வேலை மட்டும். இருவரின் பெடல்களும் ஒன்றோடொன்று பூட்டியிருப்பதால் ஒருவர் மிதித்தால் மற்றவரின் காலும் சுற்றியே ஆக வேண்டும். ஆகவே முன்னுக்கு இருப்பவர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் விழுவீர்கள் என்று வழிகாட்டி எச்சரித்தாள். சொல்லுகிறேன் என்று அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

அப்படியாக, பல வருஷங்களுக்குப் பிறகு அப்பா தன் அண்ணனிடம் சொன்ன முதல் வார்த்தை "வளைவு" என்பதாக இருந்தது. அதற்குப் பிறகு "மேடு." அதற்குப் பிறகு "கல்லு." ஒவ்வொன்றுக்கும் பெரியப்பா "ம்" என்றார். நான் அவர்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். வெட்டவெளியில் பாதாம் தோட்டங்களுக்கும் உடைந்த காற்றாலைகளுக்கும் இடையே அந்த ஒற்றைச் சொற்கள் எனக்கு நன்றாகக் கேட்டன. ஒரு சந்தியில் திரும்பியதும் பெரியப்பா முதன்முறையாக ஒரு முழு வசனம் பேசினார். "டேய், பிழையான பக்கத்தாலை போறாய். கார் எனக்கு வலப்பக்கத்தாலை வருது." உண்மைதான். சிட்னிப் பழக்கத்தில் அப்பா இடப்பக்கம் போய்விட்டிருந்தார். அவசரமாக வலப்பக்கம் மாறினார்.

இரண்டாம் நாள் பின்னேரம் அவர்கள் விழுந்தார்கள். கற்களை அடுக்கிக் கட்டிய மதில்களுக்கு நடுவே ஒடுங்கலான ஒரு பாதை. காற்று பின்னாலிருந்து தள்ள, சைக்கிள் நல்ல வேகத்தில் போனது. பெரியப்பா உற்சாகமாக இருந்தார். "எங்கள் ரெண்டு பேரையும் இப்பிடி ஒரு சைக்கிளிலை கண்டால் அம்மா சிரிச்சிருப்பா" என்றார். அப்பாவின் கால் நின்றுவிட்டது. சொல்லாமல் நின்றுவிட்டது. பின்னால் பெரியப்பா தன் பாட்டில் அழுத்த, சைக்கிள் உதறி, மதிலில் உரசி, இருவரையும் முட்செடிகளுக்குள் போட்டது.

நான் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு ஓடினேன். பெரியப்பாவின் உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. கறுப்புக் கண்ணாடி எங்கேயோ பறந்துவிட்டது. அப்பா எழும்பி நின்றார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை.

"அம்மாவைப் பற்றி நீங்கள் கதைக்காதேங்கோ" என்றார். "முகத்தை ஒருக்காக் காட்டச் சொல்லிக் கெஞ்சினனான். நீங்கள் பந்தல் துணியைக் காட்டினியள்."

பெரியப்பா புல்லில் இருந்தபடி குரல் வந்த பக்கம் முகத்தைத் தூக்கினார்.

"என்ன துணி?"

"வெள்ளைத் துணி. கடைசி வரைக்கும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பெரியப்பா கிழிந்த கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

"நான் அம்மாவைக் காட்டுறன் எண்டுதான் நினைச்சனான்" என்றார். "வெளிச்சத்துக்கை எனக்கு அப்பவே எல்லாம் வெள்ளைதான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. டிரைவிங் லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள், வேலை போயிடும் எண்டு பயம்."

அம்மாவும் பெரியம்மாவும் வந்து சேர்ந்தார்கள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. அப்பா குனிந்து பெரியப்பாவின் சேர்ட் கையில் குத்தியிருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். நிறைய முட்கள். அது முடிந்ததும் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவருடைய கையைக் கழுவினார். வழிகாட்டி தன் பையிலிருந்து முறுக்குப்போலச் சுருட்டி மேலே சீனி தூவிய ஒரு பணிஸை எடுத்து எனக்குத் தந்தாள். அழுகிற பிள்ளைகளுக்காக வைத்திருந்தாள் போல. நான் அழவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

பிறகு அப்பா பெரியப்பாவின் காலைப் பிடித்துப் பெடலில் வைத்து, "வெளிக்கிடுவம் அண்ணை" என்றார்.

அடுத்த நாளிலிருந்து அப்பாவின் வாய் மூடவில்லை. வளைவும் மேடும் மட்டும் சொன்னவர் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். ஆடுகள் கழுத்தில் மணியோடு மேய்கின்றன, ஒரு கிழவர் வாசலில் கதிரை போட்டிருந்து எங்களைப் பார்க்கிறார், தேவாலயத்தில் கலியாணம் போல, எல்லோரும் கறுப்புக் கோட்டுப் போட்டிருக்கிறார்கள். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்பார். கலியாணப் பொம்பிளை வடிவோ? ஆடு என்ன நிறம்? மலை எங்கடை கீரிமலை அளவோ? அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அம்மா சிட்னியிலிருந்து கொண்டுவந்த கொத்தமல்லியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வீட்டில் அவர் அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை.

கடைசி நாள் தீவின் முனையில் இருக்கும் வெளிச்சவீட்டுக்குப் போனோம். நல்ல ஏற்றம். நான் இரண்டு இடத்தில் இறங்கி உருட்டினேன். மேலே பாதையோரத்தில் கடலைப் பார்ப்பதற்கென்று ஒரு கம்பிவேலி போட்ட மேடை இருக்கிறது, அந்தக் காட்சிக்காகத்தான் உலகமெல்லாமிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று வழிகாட்டி சொல்லியிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடை முழுவதும் பனிமூட்டம். கம்பிவேலிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. கடல் இல்லை, பாறை இல்லை, வானம்கூட இல்லை. சில நாட்களில் இப்படி ஆகிவிடும் என்று வழிகாட்டி மன்னிப்புக் கேட்டாள்.

அப்பா பெரியப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் கம்பியில் வைத்தார்.

"என்ன தெரியுது?" என்று பெரியப்பா கேட்டார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். கடல் நல்ல நீலமாக இருக்கிறது என்றார். பாறைகள் செங்குத்தாக இறங்குகின்றன, அடியில் அலை அடித்து வெள்ளையாக நுரைக்கிறது என்றார். தூரத்தில் ஒரு பாய்க்கப்பல் போகிறது என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று அடித்துச் சொல்லி வளர்த்தவர் அவர். அதுவும் கண் தெரியாத ஒருவருக்கு. "அப்பா, அங்கை ஒண்டுமே இல்லையே. எல்லாம் மூட்டம்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா திரும்பவில்லை.

"எனக்கும் விளங்குது பிள்ளை" என்றார் பெரியப்பா. "முகத்திலை ஈரம் படுது. உன்ரை கொப்பர் சொல்லட்டும்." பிறகு அப்பாவின் பக்கம் சாய்ந்து, "கப்பல் எந்தப் பக்கமாப் போகுது?" என்று கேட்டார்.

பெரியப்பாவுக்குத் தெரிகிறது, தெரிந்துகொண்டே கேட்கிறார், அப்பாவும் வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மாவிடம் முறையிடலாம் என்று போனேன். அவர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார். மூட்டம் அவருடைய முகத்தையும் நனைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கீழே இறங்க நேரமாகிவிட்டதென்று வழிகாட்டி கூப்பிட்டாள். அவர்கள் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள். அப்பா கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா தலையாட்டினார். நான் குளிரில் விறைத்துப்போய் என் சிவப்புச் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, வெறும் வெள்ளையைப் பார்த்து இந்த இரண்டு பேருக்கும் என்ன இவ்வளவு கதை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.