சாம்பலில் ஆறும் மணி

இந்த ஊரில் கண்ணாடி தானாகப் பேசும். இலங்கை மலைநாட்டுப் பதுளையில் மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிடும். அப்போதெல்லாம் அது என் ஜன்னலைத் தொட்டதும், நான் செய்து வைத்த கண்ணாடி மணிகளில் ஒன்று ‘டிக்’ என்று தெறிக்கும். மிளகளவு மணிதான். ஆனாலும் தொந்தியும் மீசையுமாக நாற்பத்தைந்து வயது ஆள், முக்காலியிலிருந்து அரையடி எழும்பி உட்காருவேன். இதைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சிங்களவர் பண்டா, எனக்குப் பேய் பிடித்ததாக முடிவுகட்டி, விகாரையிலிருந்து வெள்ளை நூல் கொண்டுவந்து என் கையில் கட்டினார். கண்ணாடிதான் காரணம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். இரக்கத்தோடு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

இங்கே பதினைந்து வருஷம் மருந்துக்கடையில் பொட்டலம் மடித்தவன் நான். கடை மூடியபின் மிஞ்சியவை உடைந்த சீசாக்கள்தான். காலால் துருத்தி மிதித்தால் விளக்குச் சுடர் ஊசியாய் நீளும். அதில் கண்ணாடியை உருக்கி, களிமண் பூசிய கம்பியில் தேன்போலச் சுற்றினால் மணி. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குடித்துப்போட்ட கறுப்புச் சீசா, கூலிக் குடும்பங்கள் வாழும் லயத்துப் பிள்ளைகளின் கையில் திருஷ்டி மணியாகும். தெரிந்தால் துரை இன்னும் இரண்டு காலி செய்வார்.

திருச்சிப் பக்கம் எங்கள் தெருவில் மணி செய்தவர்கள், சூட்டோடு அதை வெயில் மணலில் போட்டுவிட்டு வெற்றிலை மெல்லப் போவார்கள். நானும் மணலில்தான் போட்டேன். இந்த மலையின் மணல் ஈரக்கல்லாய்க் குளிரும், அதில் சட்டென்று ஆறும் கண்ணாடி பிறகு தெறிக்கும் என்பது உறைக்கவில்லை.

நமுனுகுலத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் முத்தம்மா, கம்பளியில் பொதிந்த கைக்குழந்தையோடு ஒரு பகலில் வந்து நின்றாள். போன வாரம் என்னிடம் வாங்கிய மணி அவள் உள்ளங்கையில் இரண்டாகக் கிடந்தது.

“ஒடஞ்சு போச்சுங்க, மணிக்காரய்யா.”

“நல்லதுதானே? திருஷ்டிய மணியே வாங்கிக்கிச்சு.”

“முன்னாடி ரெண்டு புள்ளைக்கும் இப்படித்தான் சொன்னாங்க. ரெண்டையும் பொதைச்சாச்சு.”

என் நகைச்சுவை அங்கேயே செத்தது. துருத்தியை ஓங்கி மிதித்ததில் சுடர் எகிறி, வலப்பக்க மீசை பொசுங்கியது. முதல் மணி கோணல். இரண்டாவது கம்பியிலிருந்து நழுவியது. மூன்றாவது உருண்டபோது குழந்தையின் கம்பளி கண்ணில் பட்டது. இந்தக் குளிரில் மணிக்கும் ஒரு கம்பளி வேண்டாமா? அடுப்பின் சுடுசாம்பலைத் தோண்டி அதைப் புதைத்தேன்.

சாம்பல் ஆறும்வரை காத்திருந்தோம். பனி வந்தது. அவள் சாம்பலையே பார்த்தபடி கேட்டாள்:

“இதுவும் ஒடஞ்சா?”

யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன். “தோணியில வந்து மன்னார்ல எறங்கி நடந்து வர்ற வழியில என் மகளுக்குக் காய்ச்சல். நாலு வயசு. அவ கையில இருந்த மணி ஒடையவே இல்ல, தாயி. புள்ளதான் போயிட்டா.”

முத்தம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “அப்ப அந்த மணி இன்னும் அங்கதான் கெடக்குமா?” என்றாள்.

சாம்பலைக் கிளறினேன். மணி முழுசாக வந்தது. குழந்தையின் கையில் அவளே கட்டினாள்.

இப்போதெல்லாம் என் மணிகள் தெறிப்பதில்லை. ஆனாலும் பனி இறங்கினால் காது அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கிறது. மகளைப் புதைத்த இடத்திலிருந்தே அவள் தாய் ஊருக்குத் திரும்பிவிட்டாள், நான் மலையேறினேன். என் சொந்த ஊர் எது என்று கேட்பவர்களிடம் திருச்சி என்கிறேன், சில நாள் பதுளை என்கிறேன். இரண்டுக்கும் நடுவே, பெயர் தெரியாத பாதையோரத்தில், மண்ணுக்கடியில் ஒரு கறுப்பு மணி கிடக்கிறது. கண்ணாடி மக்காது.