இரண்டாம் பாகம் பரிசீலனையில் இருக்கிறது

ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவுடன், மாட்டுங்காவில் உள்ள எங்கள் தமிழ் மன்ற நூலகத்துக்கு என்னைக் கௌரவ நூலகராக நியமித்தார்கள். கௌரவம் என்றால் சம்பளம் இல்லை என்று பொருள். முதல் நாளே ஒரு சிக்கல், பள்ளிச் சீருடையில் வந்து நின்றது.

“அங்கிள், அந்தத் துப்பறியிற கதை ரெண்டாவது பாகம் வந்துட்டுதா?”

கேட்டவள் ஷாஹினா. பத்தாம் வகுப்பு. தகப்பனார் தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் இளம் உறுப்பினர்களில் தமிழ் படிப்பவள் இவள் ஒருத்திதான். முதல் பாகத்தை எழுத்துக்கூட்டி ஆரம்பித்து, கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடித்திருந்தாள். அங்கே கதாநாயகியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளி, மேலே பூட்டிவிட்டு ஆசிரியர் ‘தொடரும்’ போட்டிருந்தார்.

“வர்ற திங்கள்லருந்து கோச்சிங் கிளாஸ். அப்புறம் பரீட்சை முடியுற வரைக்கும் கதை புக்கையே தொடக்கூடாதுன்னு வாப்பா சொல்லிட்டாவ.”

புத்தகம் வந்திருந்தது. ஆனால் சிறுவர் நூல் எதையும் செயற்குழு படித்து ஒப்புதல் தந்த பிறகே கொடுக்கலாம் என்பது மன்றத்தின் விதி. படிக்கும் பொறுப்பை, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற செயலாளர் வைத்தியநாதன் இந்த மாதம்தான் தாமே ஏற்றுக்கொண்டிருந்தார்; முதல் பாகம் அதற்கு முன்பே ஒப்புதல் பெற்று வெளியே போயிருந்தது.

“பரிசீலனையில இருக்கு ஓய். குழந்தைகள் சமாசாரம், ஜாக்கிரதையா பாக்கணும்” என்றார்.

மறுநாள் செயற்குழுக் கூட்டத்தில் கழிப்பறைக் குழாய் பற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. செயலாளர் மேசைக்கு அடியில் புத்தகத்தை விரித்து வைத்துப் பரிசீலித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

“ஏன் ஓய், இந்த வாட்ச்மேன் யாரு? அவனைப் பாத்தாலே எல்லாரும் பயப்படறாளே?”

“முதல் பாகத்தில் இருக்கும்.”

“அது எங்கே?”

“ஷாஹினாவிடம்.”

“உடனே வரவழையும். முன் கோப்பு இல்லாம எப்படி ஒப்புதல் தர்றது?”

நான் சொல்லியனுப்ப, ஷாஹினா வந்தாள்.

“அந்தப் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடும்மா” என்றார் செயலாளர்.

“தவணை இன்னும் இருக்கு அங்கிள்.”

இருந்தது. நான் விதியை வாசித்துக் காட்டினேன்.

“வாட்ச்மேன் யாருன்னுதான உங்களுக்குத் தெரியணும்? எனக்கு பக்கா தெரியும். சொல்லட்டா?”

“அரே, வேண்டாம்!” செயலாளர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

“அப்ப அதலா பதலி பண்ணிக்கலாம். நீங்க ரெண்டாவதைத் தாங்க, மொதலாவது என் பையில இருக்கு.”

“ஒப்புதல் இல்லாம எப்படி ஓய்?” என்று என்னைக் கேட்டார். அவர் குரலில் இருந்தது ஆட்சேபணை அல்ல, கெஞ்சல்.

“முதலில் செய்துவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்கலாம். பின்னேற்பு என்று பெயர். பாதி அரசாங்கம் அதில்தான் ஓடுகிறது” என்றேன்.

புத்தகங்கள் கை மாறின. ஞாயிறு மாலை, கதாநாயகியைத் தொட்டியிலிருந்து மீட்டுவிட்ட நிம்மதியோடு ஷாஹினா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். செயலாளர் அதற்காகவே வாசலில் காத்திருந்தார்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் கோப்பு ஒரு மேசையில் அசையாமல் கிடந்தால் நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அந்த மேசைக்காரருக்கு வேண்டியது எதுவும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் பாகத்துக்குச் செயற்குழு இப்போதே ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. இரண்டு பிரதிகள் வாங்குகிறோம். ஒன்று ஷாஹினாவுக்கு, ஒன்று பரிசீலனைக்கு.