குலுங்கும் காரில் ஒரு ஜெபம்

பிள்ளைகளின் விடைத்தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க என் மேசையில் ஒரு பாரம் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்பு வளையம், அதன் நடுவே கறுத்த றப்பர். காரின் எஞ்சினை அதன் சட்டத்தோடு பிடித்து வைக்கிற மவுண்ட் அது. வீட்டுக்கு வருகிறவர்களில் கார் விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தூக்கித் திருப்பிப் பார்ப்பார்கள். வெடிப்பு இல்லை, எண்ணெய் ஊறிய அடையாளம் இல்லை. "புதுச் சாமானெல்லே, உதை ஏன் இஞ்சை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்பார்கள். கார் திருத்துகிற கராச்சிலிருந்து எங்கள் முற்றத்துக்கு ஒருதரம் வந்து போனதுதான் அதன் ஓட்டம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நானும் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லப் புறப்பட்டால் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அப்பா ஆஸ்பத்திரி வான் ஓட்டியவர். காலையில் வானை ஸ்டார்ட் செய்துவிட்டு, பக்கத்தில் நின்று தலையைச் சரித்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருப்பார். "வானோடை கதைச்சு முடிஞ்சால் தேத்தண்ணி குடிக்க வாங்கோவன்" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். யுத்த காலத்தில் ஒருநாள், நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு வரும்போது வானுக்குப் பின்னால் செல் விழுந்து வெடித்தது. நோயாளி பிழைத்தார், வானும் பிழைத்தது. அப்பாவின் காதுகள்தான் போய்விட்டன. நரம்பு செத்துவிட்டது, கருவி பூட்டியும் பயனில்லை என்று பிற்காலத்தில் கொழும்பு டொக்டர்மார் சொன்னார்கள். அதற்கெல்லாம் முன்னரே, யாரும் கேட்காமலே, அப்பா வானின் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். "எஞ்சின் சத்தம் கேளாதவன் சனத்தை ஏத்தக்கூடாது" என்பது அவர் சொன்ன காரணம்.

காது போனதைத் தாங்கிக்கொண்ட மனிதருக்குக் குரல் போனதுதான் பெரிய இழப்பாகியது. தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகர் பிரசங்கித்துக்கொண்டிருக்கும்போது, அம்மாவின் காதில் மெதுவாகச் சொல்வதாக நினைத்து, "மழை வரப்போகுது, கொடியிலை உடுப்புக் காயுது!" என்று ஆலயமே அதிரச் சொல்லிவிட்டார். சனம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புத்தான். அம்மாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதன் பிறகு கதைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். தலையசைப்பு, கையசைப்பு, அதோடு சரி. உடுவிலில் எங்கள் வீட்டில் அவர் இருந்தார், நடந்தார், சாப்பிட்டார். அவருடைய குரல் மட்டும் எங்களுக்கு மறந்துகொண்டு வந்தது.

அண்ணை வளர்ந்து வேலைக்குப் போய் ஒரு கார் வாங்கினான். வேலைக்குப் போய்வர என்று அம்மாவுக்குச் சொன்னான். அது ஊருக்கே தெரிந்த பச்சைப் பொய். முன்சில்லு இழுத்து ஓடுகிற, உடம்பு சிறுத்து எஞ்சின் பெருத்த யப்பான் கார் அது. தெற்கில் நடக்கிற ஓட்டப் பந்தயங்களுக்கென்றே தேடிப் பிடித்திருந்தான். அதை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திய அன்று, அவன் கண் முழுக்க அப்பாவின் மேல்தான் இருந்தது. அப்பா ஒருதரம் காரைச் சுற்றி வந்தார். பொனற்றைத் தடவினார். உள்ளே போய்விட்டார். "பார்த்தியே? ஆள் ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்று அண்ணை என்னிடம் சொன்னான். வயது முப்பதைத் தாண்டியவன் சின்னப் பிள்ளை போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவன் கார் என்ன, கப்பலும் வாங்கியிருப்பான்.

பந்தயங்களில் அவனுக்கு ஒரு தொல்லை இருந்தது. இந்த வகைக் கார்களில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்சில்லுகளுக்கு நடுவே குறுக்காகக் கிடக்கும். அழுத்தி மிதித்தால் எஞ்சின் தன் இடத்திலேயே முன்னும் பின்னும் புரளும். அதைப் பிடித்திருக்கிற றப்பர் நைந்திருந்தால் புரட்டு இன்னும் மோசமாகும். சில்லுகள் நிலத்தைப் பிடிக்காமல் துள்ளும், கியர் சரியாக விழாது. றப்பருக்குப் பதிலாகக் கல்லுப் போன்ற ஒருவகைப் பிளாஸ்ரிக்கில் செய்த மஞ்சள் நிறப் புஷ்களைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் கராச் வைத்திருந்தவர் தடுத்துப் பார்த்தார். "பின்னாலை கிடக்கிற ஒண்டை மட்டும் மாத்து, தம்பி. மற்றதுகள் றப்பராய்க் கிடக்கட்டும். எல்லாத்தையும் மாத்தினால் உது வீட்டுக் காராய் இராது." அண்ணை கேட்கவில்லை. "செய்யிறதெண்டால் முழுசாச் செய்யவேணும்" என்றான். அது வீட்டுக்கணக்குச் செய்யாத நாட்களில் அம்மா எங்கள் காதைத் திருகிச் சொல்லித் தந்த வசனம்.

வினை விதைத்தவருக்கே முதல் அறுவடையும் கிடைத்தது. சனிக்கிழமை அம்மா அந்தக் காரில் சந்தைக்குப் போய் வந்தார். எஞ்சினின் நடுக்கத்தை விழுங்க இப்போது றப்பர் இல்லை; எஞ்சின் ஓடிக்கொண்டு கார் நிற்கும்போதுதான் அது அதிகம். சீற் நடுங்கியது, கதவு நடுங்கியது, அம்மாவின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. "உது காரோ, மா அரைக்கிற மில்லோ? என்ரை முள்ளந்தண்டு ஒண்டு ஒண்டாய்க் கழருது. திங்கக்கிழமை உதைக் கழட்டிப்போட்டுப் பழையபடி றப்பரைப் போடு!" என்று முற்றத்தில் இறங்கிய கையோடு கட்டளை பிறந்தது. அண்ணை மறுபேச்சில்லாமல் ஓம் என்றான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காரை ஸ்டார்ட் செய்து, எல்லோரும் ஏறி இருந்த பிறகு, அம்மா ஒரு சின்ன ஜெபம் செய்வார். அது முடியாமல் சில்லு உருளாது. அப்பாவுக்கு ஜெபமும் கேளாது, அது முடிவதும் தெரியாது. ஆகவே ஒற்றைக் கண்ணைத் திறந்து, பின்சீற்றில் அம்மாவின் தலை நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தநாள் ஞாயிறு, ஆலயத்துக்குப் புறப்பட்டோம். அப்பா முன்சீற்றில். "ஆண்டவரே, இந்தப் பயணத்திலை எங்களோடை இரும்" என்று அம்மா தொடங்கினார். குலுக்கத்தில் அவர் குரல் ஆட்டுக்குட்டியின் குரல்போல நடுங்கியது. நான் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

"ஓடுது!"

முன்சீற்றிலிருந்து வந்தது அந்தச் சத்தம். வெளியே நாய் குரைத்தது. ஜெபம் நின்றது. அப்பா இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார். வலது உள்ளங்கை டாஷ்போர்டின் மேல் பரந்து கிடந்தது. "எஞ்சின் ஓடுது" என்றார் மறுபடியும். அண்ணை அவரையே பார்த்துக்கொண்டு மெல்ல மிதித்தான். அப்பாவின் விரல்கள் விரிந்தன. மிதியை விட்டான். "இப்ப விட்டிட்டாய்" என்றார். மறுபடி மிதித்தான். "ஆ, மிதி, மிதி!" என்று கத்தினார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அம்மா ஜெபத்தை முடிக்கவேயில்லை. ஆலயத்துக்குப் பிந்திப் போனோம். திரும்பி வந்ததும் அம்மா அலுமாரியைத் திறந்து, குளித்துத் துடைக்கிற துவாய் ஒன்றை எடுத்து மடித்தார். "உந்தச் சாமானைக் கழட்டாதை, தம்பி. என்ரை முதுகுக்கு நான் இதை வைக்கிறன்" என்று அண்ணையிடம் சொன்னார்.

அதன் பிறகு பின்னேரங்களில் அப்பாவும் அண்ணையும் காரில் போவார்கள். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை. அப்பா அங்கே கதைக்கத் தொடங்கினார். செல் விழுந்த நாளை, பின்னால் கிடந்த நோயாளி தன் சட்டையைப் பிடித்திருந்ததை, சத்தமே இல்லாமல் ஓடிய அந்தத் தெருவை, எல்லாம் காருக்குள்தான் சொன்னார். ஒரு பின்னேரம் எங்கள் பக்கத்துக் கொழும்புத்துறையில், கடலோரமாகச் சனமில்லாத வெளியில், அண்ணை இறங்கி மற்றப் பக்கம் வந்து சாவியை அவர் கையில் வைத்தான். தெருவில் ஓட்டுவதில்லை என்ற தன் சட்டத்தை அப்பா மீறவில்லை. அந்த வெளியில் மட்டும் ஓட்டினார். கியர்த் தடி கையில் நடுங்கும் விதத்தை வைத்தே, எங்கே மாற்றவேண்டுமோ அங்கே மாற்றினார். நிறுத்திவிட்டு, வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படியாகச் சொன்னார்: "நல்ல எஞ்சின். மரியாதையா ஓட்டு." வீட்டுக்கு வந்து இதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அண்ணை பாதியில் எழும்பினான். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மிச்சத்தைச் சொன்னான்.

போன மாரியில் அப்பா போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுச் சரிந்தவர் எழும்பவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்து சனமும் கலைந்த பிறகு, அண்ணைக்கு அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. இனி அம்மா ஏன் வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தான். யாரிடமும் கேட்காமல் கராச்சுக்குப் போய், மஞ்சள் புஷ்களைக் கழற்றிவிட்டுப் புது றப்பர் மவுண்ட்களைப் பூட்டிக்கொண்டு வந்தான். பாசத்தில் செய்த வேலை. நானும் நல்லதென்றுதான் சொன்னேன்.

ஞாயிறு காலை அம்மா முன்சீற்றில் ஏறினார். பழக்கத்தில் துவாயையும் மடித்து முதுகுக்கு வைத்தார். அண்ணை ஸ்டார்ட் செய்தான். கார் அசையாமல் கிடந்தது. அம்மா தலையைக் குனிந்து "ஆண்டவரே" என்றார். குரல் நடுங்காமல் தெளிவாக வந்தது. அதோடு நின்றுவிட்டது. நிமிர்ந்து அண்ணையைப் பார்த்தார்.

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டிட்டியே?"

"இல்லையம்மா. ஓடுது."

சொல்லி முடித்த பிறகுதான் எந்தச் சொல்லைச் சொன்னான் என்று அவனுக்கு விளங்கியது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அம்மா கையை நீட்டி, அப்பா வைக்கிற அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அழுத்தி வைத்தார். "எனக்குத் தெரியேல்லை" என்றார். "ஒண்டும் தெரியேல்லை, தம்பி." பிறகு கதவைத் திறந்து இறங்கி, துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அன்று நாங்கள் ஆலயத்துக்கு நடந்து போனோம்.

திங்கட்கிழமை மஞ்சள் புஷ்கள் திரும்பக் காருக்குள் போயின. கராச்சுக்காரர் ஏனென்று கேட்கவில்லையாம். இப்போதும் ஞாயிறுகளில் கார் குலுங்குகிறது. அம்மா ஒரு கையை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஜெபம் செய்கிறார். அவர் குரல் நடுங்குகிறது. அது எஞ்சினால்தானா என்று நானும் அண்ணையும் கேட்பதில்லை.

கழற்றிய றப்பர்களில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். விடைத்தாள் திருத்தும்போது சிலவேளை அதன்மேல் கையை வைத்துப் பார்ப்பேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல சாமான். எஞ்சினின் நடுக்கம் ஒரு துளியும் மேலே வராமல் பிடித்துக்கொண்டது. அந்த அமைதியைத்தான் எங்கள் வீட்டில் ஒருவராலும் தாங்க முடியவில்லை.